சரியான ஃப்ரேம், தப்பான பவர்

அத்தியாயம் நான்கு

வந்த வேகத்தில் குற்றவாளி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால், ஒரு துப்பறிவாளருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறு கிடையாது.

"ஆமா சார், நான்தான். எல்லாக் கண்ணாடியும் என் கையாலதான் கெட்டுப்போச்சு," என்றான் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியம்மாவின் மருமகன்.

துப்பறிவாளர் பூதக்கண்ணாடி இன்னும் நாற்காலியில் முழுதாக உட்காரக்கூட இல்லை. கேட்பதற்கென்று யோசித்து, குளியலறையில் குரலை மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் வீணாகிவிட்டன. "அவசரப்படாதீங்க," என்றார் பரிதாபமாக. "நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கலையே."

"கேட்டிருந்தா மட்டும்?" என்றாள் அவருடைய தங்கை.

'பூதக்கண்ணாடி' என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். கையில் எப்போதும் கைப்பிடி வைத்த ஒரு பெரிய பூதக்கண்ணாடியோடு திரிவார். அதை வைத்து அவர் இதுவரை கண்டுபிடித்ததெல்லாம் மாத்திரை அட்டையில் அச்சடித்த காலாவதித் தேதிகளைத்தான். துப்பறிவாளராக அவர் முடித்து வைத்த வழக்குகள் மூன்று. மூன்றும் காணாமல் போன பூனைகள். இரண்டு பூனைகள் தாமாகவே வீடு திரும்பின. மூன்றாவதாக அவர் பிடித்துக் கொடுத்தது வேறு பூனை. இதையெல்லாம் அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்க நினைத்தாலும் உதவியாளராகக் கூடவே வரும் தங்கை விட வேண்டுமே.

நேற்று அவரைத் தேடி வந்தவர் இந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியம்மா. முன்னறையில் அவரே கண் பரிசோதித்து ஆர்டர் எடுப்பார். பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் மாட்டுவது மருமகன் வேலை. மருமகனும் மகளும் மாடியில் குடியிருந்தார்கள். ஒரு மாதமாகக் கடையிலிருந்து போகிற கண்ணாடிகள் எல்லாம் தப்பான பவரோடு போய்க்கொண்டிருந்தன. மருந்துக்கடைக்காரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுக்க இருந்தார். பாட்டு டீச்சர் வாசற்படி இருக்கிறதென்று நினைத்து இல்லாத படியில் காலை வைத்துக் கீழே விழுந்தார்.

முதலாளியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த தெருவில் புதிதாக ஒரு கண்ணாடிக் கடை முளைத்திருக்கிறது. மருமகன் அவர்களோடு சேர்ந்துகொண்டு வேண்டுமென்றே தன் கடையைக் கவிழ்க்கிறான் என்பது அவர் முடிவு. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இன்று மதியம் வண்டி வருகிறது. புருஷனோடு மகளும் கிளம்புகிறாள் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "நான் சொன்னா என் பொண்ணு நம்ப மாட்டேங்குறா. மூணாம் மனுஷன் நீங்க சொன்னா நம்புவா. கையும் களவுமா பிடிச்சுக் குடுங்க," என்று கேட்டிருந்தார்.

இப்போது கையும் இருந்தது, களவும் இருந்தது. பூதக்கண்ணாடிக்குத்தான் செய்ய ஒன்றும் இல்லை.

"வேணும்னே செஞ்சீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

மருமகன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "வேணும்னேவா? ஐயோ, இல்லம்மா!" முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் தொங்கிய திரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கு என்னமோ ஆயிடுச்சு. காலையில வந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் ஸ்கிரீனைப் பார்த்துத்தான் வேலை செய்வேன். பேர் இருக்கும், ஃப்ரேம் இருக்கும், பக்கத்துலயே பவர் இருக்கும். பார்த்துப் பார்த்துத்தான் தேய்க்கிறேன். மறுநாள் அதே பேரைப் பார்த்தா வேற பவர் இருக்கு. மைனஸ் மூணுன்னு நேத்து சத்தியமா பார்த்தேன். இன்னைக்கு ப்ளஸ் ஒண்ணரைன்னு இருக்கு."

"யாராவது மாத்தியிருப்பாங்க," என்றார் பூதக்கண்ணாடி.

"ஒண்ணு ரெண்டுன்னா மாத்தலாம். எல்லாமேவா சார் மாத்துவாங்க? கண்ணுதான் போச்சுன்னு வேற ஒரு டாக்டர்கிட்ட ரகசியமாப் போய்க் காட்டினேன். கண்ணு அருமையா இருக்குன்னுட்டாங்க." அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. "அப்போ மூளைதானே? எங்க அப்பாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆச்சு. அவருக்கு அறுபதுக்கு மேல. எனக்கு முப்பத்தாறுதான் ஆகுது. வீட்டுல சொல்லல. கடையை விட்டுப் போறதுதான் நல்லது சார். எவனாவது என் கண்ணாடியைப் போட்டுட்டு வண்டி ஓட்டினா?"

இப்படிப்பட்ட நேரத்தில் சொல்வதற்கு ஆறுதலாக எதுவும் வராது என்பது பூதக்கண்ணாடியின் நெடுநாள் குறை. "தண்ணி குடிங்க," என்றார். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அதன் பக்கத்தில் மருமகனின் சொந்தக் கருவிகள் ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. தங்கை அந்தப் பையையே பார்த்தாள். பிறகு எழுந்து முன்னறைக்குப் போனாள். அண்ணன் பின்னாலேயே போனார். வழக்கமும் அதுதான்.

முன்னறையில் முதலாளியம்மா திரும்பி வந்த கண்ணாடிகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒத்துக்கிட்டாரா?" என்றார்.

"ஒத்துக்கிட்டாரு. ஆனா செய்யலைன்னு நினைக்கிறேன்," என்றாள் தங்கை.

"அது என்னம்மா பேச்சு?"

"அம்மா, இந்தத் தட்டுல இருக்கிற ஃப்ரேம் எல்லாம் அவங்கவங்க கேட்டதுதானா? மாறிப்போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

முதலாளியம்மா யோசித்தார். "ஃப்ரேம்ல ஒரு குத்தமும் இல்ல. எல்லாருக்கும் அவங்க எடுத்த ஃப்ரேம்தான் போயிருக்கு. பவர்தான் தப்பு."

"லென்ஸை வெச்சா பவர் காட்டுற மெஷின் இருக்குல்ல? பாட்டு டீச்சர் கண்ணாடியை அதுல வையுங்களேன்."

முதலாளியம்மா முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். எண்ணைப் படித்தார். பாட்டு டீச்சருக்கு அது எந்த வகையிலும் ஒத்து வராத பவர்.

"இந்தப் பவர் வேற யாருக்காவது எழுதினதா ஞாபகம் இருக்கா?"

"எழுதாம என்ன? எதிர்க்க மருந்துக்கடைக்காரம்மாவுக்கு. ரெண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் இந்த ஏரியாவுல அவங்க ஒருத்தருக்குத்தான்." சொல்லிவிட்டு முதலாளியம்மாவே புருவத்தைச் சுருக்கினார்.

"கை நடுங்கினாலோ கண்ணு மங்கினாலோ பவர் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். இன்னொருத்தர் பவர் அச்சு அசலா, ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து வந்து உட்காருமா?" என்றாள் தங்கை. "அவரு தப்பாத் தேய்க்கல. வேற ஒருத்தருக்கானதைச் சரியாத் தேய்ச்சிருக்காரு."

பூதக்கண்ணாடிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. இதுவரை அவருக்கு இப்படி விளங்கியபோதெல்லாம் கேவலப்பட்டுத்தான் முடிந்திருக்கிறது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஒரு கையை மேசையில் ஊன்றினார்.

"போட்டிக் கடை!" என்றார். "அவங்க ஆள் ஒருத்தன் ராத்திரியில வந்து லென்ஸை எல்லாம் கழட்டி, ஒருத்தர் ஃப்ரேம்ல இன்னொருத்தர் லென்ஸை மாட்டிட்டுப் போறான்."

"ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு வடிவம் அண்ணா. வட்ட ஃப்ரேமுக்கு வெட்டின லென்ஸ் சதுர ஃப்ரேம்ல எப்படி உட்காரும்?"

பூதக்கண்ணாடி கையை மேசையிலிருந்து எடுத்தார். "அதைத்தான் நானும் கேட்கலாம்னு இருந்தேன்."

முகத்தில் வழிந்த அசட்டைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது உருப்படியாகச் செய்தாக வேண்டுமே என்று கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஆர்டர் ஷீட் திறந்திருந்தது. பெயர், தெரு, எடுத்த ஃப்ரேம் என்று வரிசை வரிசையாக இருந்தன. கீழே 'பவர்' என்று இன்னொரு ஷீட்டும் தெரிந்தது.

"இதையெல்லாம் என் பொண்ணுதான் போட்டுக் குடுத்தா," என்றார் முதலாளியம்மா. "ஆபீஸ் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கடையை அவதான் பார்த்துக்கிட்டா. இந்த ஷீட்ல பேரையும் ஃப்ரேமையும் அடிச்சா, அந்தப் பவர் ஷீட்ல தானா போய் நிக்கும். பவரை மட்டும் நான் அங்க கையால அடிக்கணும். உள்ள மாப்பிள்ளை ஸ்கிரீன்ல அந்தப் பவர் ஷீட்தான் தெரியும். ஒரே ஃபைல்தான்."

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பேரெல்லாம் தாறுமாறா கிடக்கே," என்றார் பூதக்கண்ணாடி. புகார் கொடுத்தவர்களைச் சீக்கிரம் தேட வேண்டும். அகர வரிசையில் இருந்தால் சுலபம். கம்ப்யூட்டர் தெரியாதவன் என்று தங்கை இனிச் சொல்லக் கூடாது. வரிசைப்படுத்தும் பட்டனைத் தேடிப் பிடித்து, பெருமையாக ஒரு தட்டுத் தட்டினார். பெயர்கள் மடமடவென்று இடம் மாறி ஒழுங்காக நின்றன.

உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது.

தங்கை திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். மருமகன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். ஸ்கிரீனை விரலால் காட்டினான். "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு! இப்போ என் கண்ணு முன்னாடியே மாறுது!" என்றவன், அப்படியே முக்காலியில் சரிந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அடுத்தவர் ஃபைலில் கை வைத்துக் கெடுத்துவிட்டோம் என்பது மட்டும் பூதக்கண்ணாடிக்குப் புரிந்தது. பூனை வழக்கில்கூட யாரும் அலறியதில்லை. பதறிப்போய், செய்ததைத் திருப்புகிற பட்டனை அழுத்தினார்.

தங்கை திரை ஓரத்திலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்து முன்னறையும் தெரிந்தது, பின்னறை ஸ்கிரீனும் தெரிந்தது. "அண்ணா, இப்போ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. சத்தியமா ஒண்ணும் பண்ணல. பண்ணினதையும் பழையபடி ஆக்கிட்டேன்."

"திட்ட மாட்டேன். முதல்ல பண்ணினதை இன்னொரு தடவை பண்ணு."

தட்டினார். அவள் உள்ளே பார்த்தாள். "இப்போ திருப்பு." திருப்பினார். அவள் மறுபடி பார்த்தாள். நிதானமாக நடந்து வந்து அண்ணன் தோளில் கை வைத்தாள். "அண்ணா, வாழ்க்கையிலேயே முதல் தடவையா நீ ஒரு கேஸைக் கண்டுபிடிச்சிருக்கே."

"தெரியும்," என்றார் பூதக்கண்ணாடி. "என்ன கண்டுபிடிச்சேன்?"

தங்கை பவர் ஷீட்டைத் திறந்து முதலாளியம்மாவிடம் காட்டினாள். "பாருங்கம்மா. இதுல இருக்கிற பேரும் ஃப்ரேமும் இங்க அடிச்சது இல்ல. ஆர்டர் ஷீட்டோட முதல் வரியில யார் நிக்கிறாங்களோ அவங்களை இங்க முதல் வரியில காட்டுன்னு உங்க பொண்ணு இணைச்சு வெச்சிருக்காங்க. ரெண்டாவது வரிக்கு ரெண்டாவது ஆள். அங்க ஆள் இடம் மாறினா இங்கயும் மாறிடுவாங்க, ஃப்ரேமையும் கூடவே தூக்கிட்டு. ஆனா பவரை நீங்க கையால அடிச்சிருக்கீங்க. அது எதோடவும் சேரல. அடிச்ச இடத்துலயே நிக்கும். ஆளுங்க நாற்காலி மாறி உட்கார்ந்துட்டாங்க, மேசையில வெச்ச சாப்பாடு மாறல. அவ்வளவுதான்."

"அதனாலதான் ஃப்ரேம் எல்லாம் சரியா இருந்துச்சு!" என்றார் பூதக்கண்ணாடி. இது அவரே கண்டுபிடித்தது. குரலில் அந்த மகிழ்ச்சி அப்பட்டமாகத் தெரிந்தது. "அப்போ யாரோ தினமும் ஆர்டர் ஷீட்டை வரிசை மாத்தியிருக்காங்க. யாரு?"

தங்கை திரும்ப ஆர்டர் ஷீட்டுக்கு வந்து, தெரு என்ற பத்தியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். பெயர்கள்தான் தாறுமாறாக இருந்தன. தெருக்கள் அப்படி இல்லை. ஒரு தெருவின் வீடுகள் எல்லாம் சேர்ந்தாற்போல் இருந்தன; அது முடிந்து அடுத்த தெரு தொடங்கியது.

பூதக்கண்ணாடி கண்ணாடித் தட்டைப் பார்த்தார். பிறகு முதலாளியம்மாவைப் பார்த்தார். "கண்ணாடியை எல்லாம் வீட்டுல கொண்டுபோய்க் குடுக்கிறது யாரும்மா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள்ளேயே, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றிவிட்டது.

முதலாளியம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான். முட்டி வலி," என்றார் மெதுவாக. "ஜாஸ்தி நடக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. போன தெருவுக்கே திரும்பத் திரும்பப் போயிட்டு வந்தா உயிர் போவுது. ஜெராக்ஸ் கடைக்காரர்தான், ஒரு பட்டனைத் தட்டினா தெரு வாரியா வந்துடும்னு சொல்லிக் குடுத்தாரு. சாயங்காலம் மாப்பிள்ளை மேல போனதும் தட்டுவேன். அடடா, இந்த வயசுல நானும் கம்ப்யூட்டர் கத்துக்கிட்டேனேன்னு..."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசமா."

எதிர் வரிசையில் மருந்துக்கடைக்காரம்மா ஒரு சீட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, தள்ளி, மறுபடி கிட்டே கொண்டுவந்து படித்துக்கொண்டிருந்தார். தங்கை உள்ளே போகத் திரும்பினாள். முதலாளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இரும்மா. சார், உங்களைத்தான். கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிடுங்களேன். பொய்யில்லையே, கம்ப்யூட்டர்லதானே நடந்துச்சு? அவரு இங்கயே இருக்கட்டும், வண்டியைத் திருப்பி அனுப்பிடலாம். என் பேர் மட்டும் வேண்டாம். வீடு வீடாப் போய், மாப்பிள்ளை கை சரியில்லன்னு நானே சொல்லிட்டு வந்திருக்கேன். இப்போ எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு..."

பூதக்கண்ணாடிக்கு இந்த மாதிரி இடங்களில் தலையாட்டித்தான் பழக்கம். பெரியவர்கள் கெஞ்சினால் அவருக்கு முதுகெலும்பு இருக்கும் இடம் மறந்துபோகும். இன்றைக்கும் தலை பாதி ஆடிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நினைவுக்கு வந்ததும் அது பாதியிலேயே நின்றது.

"அம்மா," என்றார். குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி தொடங்கினார். அப்போதும் கீச்சென்றுதான் வந்தது. "உங்க மாப்பிள்ளை உங்களை ஏமாத்துறாருன்னு நீங்க நினைச்சீங்க. அவரு என்ன நினைச்சாரு தெரியுமா? தன் மூளை கலங்கிப்போச்சுன்னு நினைச்சுட்டு இருக்காரு. அவங்கப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துடுச்சுன்னு, பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம ஒரு மாசமாப் பயந்து செத்துக்கிட்டு இருக்காரு. கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொன்னா நம்புவாரா? தினமும் மாறினதைப் பார்த்தவரு அவரு. யாரு மாத்தினாங்கன்னு தெரிஞ்சாத்தான் அந்தப் பயம் போகும். நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி, நடுவில் தங்கை குறுக்கிடாதது இதுதான் முதல் தடவை.

முதலாளியம்மா அவரை வெறித்துப் பார்த்தார். "மூளையா? அந்தப் பிள்ளைக்கா?" என்றார். அவ்வளவுதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, திரையை விலக்கி உள்ளே போனார்.

வெளியே நிற்பதுதான் நாகரிகம் என்று பூதக்கண்ணாடி திரைக்கு இந்தப் பக்கமே நின்றார். காதை மூடிக்கொள்ளும் அளவுக்கு நாகரிகம் போதவில்லை.

"மாப்பிள்ளை, தினமும் சாயங்காலம் அதை மாத்தினது நான். நீங்க மேல போனதும் நான்தான் பேரை எல்லாம் தெரு வாரியா அடுக்கினேன். பவர் கூடவே வரும்னு நினைச்சேன். அது வரல. நீங்க பார்த்தது அத்தனையும் நிஜம்."

மருமகனின் குரல், சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா, அத்தை?"

"ஒண்ணும் இல்ல, சாமி. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

அதற்குமேல் அழுகைதான் கேட்டது. இருவரில் யார் என்று துப்பறியப் பூதக்கண்ணாடிக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் தங்கை ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு எண் கொடுத்து, ஆள் எந்த வரியில் இருந்தாலும் அந்த எண்ணை வைத்துப் பவர் தேடி வருகிற மாதிரி இரண்டு ஷீட்டையும் புதிதாக இணைக்கிறாளாம். அவளுக்கும் ஸ்கிரீன் சரியாகத் தெரியவில்லை என்பதை, இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டதில் அவர் கவனித்தார். கேலி செய்ய அருமையான சந்தர்ப்பம். செய்யவில்லை.

முதலாளியம்மா வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்துச் சாலையைக் கடந்து, எதிரே மருந்துக்கடைப் படியில் ஏறினார். அங்கே நின்றிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்பது இங்கே கேட்கவில்லை. வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து வைத்துச் சொன்னது மட்டும் தெரிந்தது.

ஒரு மாதமாக முன்னறைப் பக்கமே வராத மருமகன், இப்போது வாசல் கதவருகே வந்து நின்றான். மருந்துக்கடைக்காரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் ஒதுங்கவில்லை.

வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. மாடிப்படியில் அட்டைப்பெட்டியோடு மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். "அம்மா ஏன் இந்த வெயில்ல ரோட்டைத் தாண்டிப் போறாங்க?" என்று கேட்டாள்.

"சொல்றேன்," என்றான் மருமகன். "பெட்டியை மேலேயே வெச்சுட்டு வா."